வொல்டெர்ரா: எது எட்ருஸ்கன், எது ரோமன், எது அதற்குப் பிந்தியது?

தென்கரை
இத்தாலியின் டஸ்கனி மலையூர்களில் வொல்டெர்ராவைப் பற்றித் தமிழில் வந்த குறிப்புகளைப் பார்த்தால், கண்ணில் படும் சுவரெல்லாம் "எட்ருஸ்கன் மதில்" ஆகிவிடுகிறது. ஊருக்குள் நுழைந்ததும் தெரிகிற பெரிய சுவர் 13ஆம் நூற்றாண்டினது என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல், கண்ணால் பார்த்தே காலத்தைப் பிரிக்க முடியுமா? கையில் ஒன்றரை நாள்தான். எங்கே நேரம் போடலாம், எதைத் தள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கல்தச்சன்
முடியும். முதலில் அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமருக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் எட்ருஸ்கர், அவர்கள் ஊருக்கு வைத்த பெயர் வெலத்ரி. அதன் மதில் 7 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி ஓடியது. 13ஆம் நூற்றாண்டில் ஊர் சுருங்கியபோது கட்டிய புது மதில் 3 கிலோமீட்டர்கூட இல்லை. இன்றைய ஊர் அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கிறது. ஆகவே நல்ல எட்ருஸ்கன் மதில் வேண்டுமென்றால் ஊரை விட்டு வெளியே நடக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

சுவருக்குப் பக்கத்தில் போனதும் மூன்றைப் பாருங்கள். முதலில் சாந்து. எட்ருஸ்கன் வரிசைகளில் சாந்து கிடையாது, கல்லின் எடையே சுவரைப் பிடித்து வைக்கிறது. அடுத்து கல்லின் அளவு. பல கற்கள் ஒரு மீட்டர் நீளத்தைத் தாண்டும். முகம் ஓரளவு சதுரமாகக் கொத்தியிருக்கும், ஆனால் உயரம் ஒரே மாதிரி இராது, இடைவெளிகளில் சின்னச் சில்லுக் கற்களைச் செருகியிருப்பார்கள். மூன்றாவது, எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. இடைக்காலத்தார் பழைய மதிலை இடிக்காமல் அதன் தலையிலேயே தங்கள் சுவரை ஏற்றிய இடங்கள் உண்டு. கீழே மூன்று நான்கு வரிசை பெருங்கல், மேலே சாந்து வைத்த சிறுகல் என்றால் ஒரே சுவரில் இரண்டு காலம் நிற்கிறது. நடுவில் ஒரு கோடு போட்டது போலத் தெரியும்.

தெளிவாகப் பார்க்க சான்தா கியாரா பகுதிக்குப் போங்கள். சான் பிரான்செஸ்கோ வாயிலைத் தாண்டி மேற்கே, சரிவில் இருக்கிறது. எல்லாம் டூஃபோ கல்.

மண்ணடுக்கு
கல்தச்சன் சொன்ன அடையாளங்கள் சரி, கடைசிச் சொல்லில் மட்டும் ஒரு திருத்தம். ஊர்க்காரர்களும் பழைய அருங்காட்சியகச் சீட்டுகளும் "டூஃபோ" என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது எரிமலைச் சாம்பல் கல் அல்ல. ஒர்வியேத்தோ நிற்பது அந்தச் சாம்பல் கல்லின் மேல். வொல்டெர்ராவில் இருப்பது கடலடியில் உருவான சுண்ணாம்பு மணற்கல். உள்ளூர்ப் பெயர் பஞ்சினா. கிட்டே போய்ப் பார்த்தால் கிளிஞ்சல் துண்டுகள் தெரியும். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம்.

பெயரைத் திருத்துவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஊர் ஏன் இங்கே வந்தது, ஏன் ஓரம் ஓரமாக விழுகிறது என்ற இரண்டுக்கும் விடை இந்த அடுக்கில்தான். மேலே பஞ்சினா, அதன் கீழே மணல், எல்லாவற்றுக்கும் அடியில் நீல சாம்பல் நிறக் களிமண். மூன்றும் பத்து லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய பிளையோசீன் காலக் கடல் விட்டுப்போனவை. மழைநீர் பஞ்சினாவின் வெடிப்புகள் வழியே இறங்கி மணலைக் கடந்து களிமண்ணில் முட்டி நிற்கிறது. களிமண் நீரை உள்ளே விடாது. அதனால் நீர் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது. 530 மீட்டர் உயரத்து மலையில் ஊற்று கிடைத்தது இதனால்தான், இவ்வளவு பெரிய ஊர் அங்கே நிலைக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே கசிவு வெளியே வரும்போது மணலையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வருகிறது. அடி பறிபோன மேல்கல் செங்குத்தாகத் துண்டு துண்டாய் விழுகிறது. ஊரின் மேற்கே இருக்கிற பால்ட்ஸே பள்ளம் அப்படித்தான் உண்டானது.

அந்தப் பள்ளம் விழுங்கியதில் எட்ருஸ்கன் மதிலின் ஒரு பகுதியும் எட்ருஸ்கரின் தொடக்கக் கட்டமான வில்லனோவா காலக் கல்லறைகளும் பழைய சான் ஜுஸ்தோ தேவாலயமும் சேர்த்தி. இன்று ஊரோரம் நிற்கும் சான் ஜுஸ்தோ 1628இல் தொடங்கிய மாற்றுக் கட்டடம். விளிம்புக்கு அருகே பாழாய் நிற்பது 1030இல் நிறுவிய மடம். 1846 நிலநடுக்கத்தில் அடிபட்டு, பள்ளமும் நெருங்கிவந்ததால் 1861இல் துறவிகள் கைவிட்டார்கள்.

கல்தச்சன்
ஒப்புக்கொள்கிறேன், பஞ்சினா என்றே எழுதியிருக்க வேண்டும். ஒன்று கேட்கிறேன்: 2014இல் சரிந்த சுவரும் இதே கசிவினால்தானா?

மண்ணடுக்கு
நீர்தான் காரணம், வழி வேறு. அந்த ஜனவரி கடைசியில் கனமழைக்குப் பிறகு இடைக்கால மதிலில் சுமார் 30 மீட்டர் விழுந்தது. மார்ச்சில் வேறோர் இடத்திலும் சுவர் சரிந்தது. இந்த இடைக்கால மதில் வெறும் வேலி அல்ல. உள்பக்கத்தில் தெருமட்டம் வரை மண் நிரப்பியிருக்கிறார்கள், ஆக அது ஒரு தாங்குசுவர். பின்னால் இருக்கும் மண் நீரில் ஊறினால் எடை கூடும், நீரின் தள்ளலும் அதோடு சேரும். சாந்து வைத்த சுவரில் நீர் வெளியேறும் துளை அடைபட்டால் முழு அழுத்தமும் முகத்துக்கு வந்துவிடும். சாந்தில்லாத எட்ருஸ்கன் சுவரில் ஒவ்வொரு இணைப்பும் வடிகால்தான். அவர்கள் கணக்குப் போட்டுத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். விளைவு அப்படி அமைந்தது.

ஆர்க்கோ வாசல்
வாயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே! போர்த்தா அல்லார்க்கோ (வளைவு வாயில்) ஒன்றே போதும், கேட்ட கேள்விக்கு மொத்த விடையும் அதில் இருக்கிறது.

தெற்கே வெளிப்பக்கத்திலிருந்து வந்து பாருங்கள். உள்ளேயிருந்து இறங்கி வருகிறவர்கள் தலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். இருபுறமும் அடியில் நிற்கும் பெருங்கற்கள் பழைய எட்ருஸ்கன் வேலை. மேலே இருக்கும் வளைவு அதற்குப் பின்பு, கி.மு. 3ஆம் 2ஆம் நூற்றாண்டுகளில் வந்தது. அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருப்பது இடைக்கால மதில். வளைவின் இரு கால்களிலும் ஒவ்வொன்று, உச்சிக்கல்லில் ஒன்று என மூன்று கருங்கல் தலைகள் துருத்திக்கொண்டு நிற்கும். முகம் முழுக்க அரித்துப்போய் மூக்கும் கண்ணும் இல்லை. ஊரைக் காக்கும் தெய்வங்கள் என்று ஒரு கட்சி, வெட்டிய பகைவர் தலைகள் என்று ஒரு கட்சி. உள்ளே நடக்கும்போது பக்கச் சுவரில் செங்குத்துப் பள்ளக்கோடு இருக்கிறதா பாருங்கள். மேலிருந்து இறக்கும் கதவு ஓடிய தடம் அது.

தலைகள் பிற்காலத்தில் வேறெங்கிருந்தோ எடுத்து வந்து ஒட்டியவை என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் ஊரின் குவார்னாச்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேக்கக் கதையின் தீபஸ் முற்றுகையில் கபானியஸ் என்ற வீரன் ஏணியிலிருந்து விழும் காட்சி செதுக்கிய சாம்பல்பேழை (எரித்தவரின் சாம்பலை வைக்கும் பெட்டி) ஒன்றில், பின்னால் தெரியும் நகரவாயிலிலும் இதே மூன்று தலைகள் உண்டு. சிற்பி தன் ஊர் வாசலையே தீபஸாக்கிவிட்டான். ஆக அந்தப் பேழை செய்த காலத்திலேயே தலைகள் வளைவில் இருந்திருக்கின்றன.

1944 ஜூன் 30 கல்வெட்டையும் படியுங்கள். பின்வாங்கும் ஜெர்மன் படை சாலையை அடைக்க வாயிலை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது. ஊர்மக்கள் தெருவில் பாவிய கற்களைப் பெயர்த்து, 24 மணி நேரத்துக்குள் வாயிலை அடியிலிருந்து உச்சிவரை அடைத்துக் கொடுத்தார்கள். அடைத்தாகிவிட்டது, வெடி எதற்கு என்ற கணக்கு.

சுவடிப்பெட்டி
ரோமன் பக்கம் நான் சொல்கிறேன். ரோமின் உள்நாட்டுப் போரில், கி.மு. 82க்குப் பிறகு மாரியஸ் கட்சியார் இந்த ஊரில் ஒதுங்கிக்கொள்ள, அவர்களின் எதிரி சுல்லாவின் படை முற்றுகையிட்டது. இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததாகப் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதுகிறார். 7 கிலோமீட்டர் மதிலும் மலைமேல் நீரும் இருந்ததன் பயன் அது. தோற்றபின் நிலமும் குடியுரிமையும் பறிபோகிற நிலை. கி.மு. 69 வாக்கில் ரோமன் வழக்கறிஞர் சிசரோ ஒரு வழக்கில் வாதாடிக் காப்பாற்றிய அவுலுஸ் கைகினா இந்த ஊர்க்காரர். எட்ருஸ்கன் எழுத்தில் அந்தக் குடும்பப் பெயர் கெய்க்னா. கீழே ஓடும் ஆற்றுக்கும் கடற்கரையிலுள்ள ஊருக்கும் இன்று சேச்சினா என்று பெயர், அதே சொல்தான்.

பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் வல்லேபோனா சரிவில் அரங்கம் கட்டப் பணம் கொடுத்தவர்களும் இதே குடும்பத்தார். ரோமுக்கு எதிராக நின்று தோற்ற ஊர், இரண்டு தலைமுறையில் ரோமன் பாணி அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறது!

ஆர்க்கோ வாசல்
அந்த அரங்கத்தை மேலேயிருந்து பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன். மதில் ஓரத்துத் தெருவிலிருந்து முழுத் தரைப்படமும் தெரியும், சீட்டும் வேண்டாம்.

சுவடிப்பெட்டி
தரைப்படத்துக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். மேலிருந்து பார்த்தால்தான் ஒரு விஷயம் புரியும்: இருக்கைகள் மலைச்சரிவிலேயே பதிந்திருக்கின்றன. கிரேக்க அரங்கம் போல மலையையே முதுகாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரே இரண்டு அடுக்கு பளிங்குத் தூண்களோடு மேடையின் பின்சுவர். அதற்கும் பின்னால் செங்கல்லும் வளைவுமாகக் குழப்பமாய்த் தெரிவது அரங்கத்தின் பகுதி அல்ல. அரங்கம் கைவிடப்பட்டபின் அதன் முற்றத்துக்குள் கட்டிய குளியலகம். மேலிருந்து இரண்டையும் ஒன்றாக எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

இறங்கிப் போனால் தூண்தலைகளின் வேலைப்பாடு, கான்கிரீட் உட்கருவின் மேல் ஒட்டிய முகக்கல் இரண்டும் தெரியும். எட்ருஸ்கனுக்கும் ரோமனுக்கும் முதல் வேறுபாடு அதுதான். ரோமன் சுவர் உள்ளே சுண்ணாம்பும் சல்லியும் கலந்த திண்மம், கல் வெறும் தோல். தோல் உரிந்த இடத்தைத் தேடுங்கள். கல்தச்சன் சொன்ன சாந்துச் சோதனையை மட்டும் நம்பினால் ரோமனையும் இடைக்காலத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வீர்கள்.

அரங்கம் இவ்வளவு பிழைத்ததற்குக் காரணம் குப்பை. இடைக்கால மதில் இருக்கைகளின் தலைமாட்டில் வந்தது. அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் ஊர்க்குப்பையை அங்கிருந்து கீழே கொட்டினார்கள். மூடிப்போனதால் கல்லைத் திருட முடியவில்லை. 1950களில் என்ரிகோ ஃபியூமி தோண்டத் தொடங்கினார். ஊரின் மனநல மருத்துவமனையில் இருந்தவர்கள்தான் மண்ணை அள்ளினார்கள்.

மண்ணடுக்கு
ஆம்ஃபி அரங்கமும் (சுற்றிலும் இருக்கையுள்ள நீள்வட்ட அரங்கு) அதே கதை. ஆனால் அங்கே மூடியது மலைச்சரிவு மண். 2015இல் போர்த்தா தியானாவுக்கு அருகே ஓடை சீர்செய்யும் வேலையின்போது சுவர் தட்டுப்பட்டது. ஏறத்தாழ 80க்கு 60 மீட்டர், கி.பி. 1ஆம் நூற்றாண்டு. அத்தனை பெரியதைப் பற்றி எந்தப் பழைய நூலும் பேசவில்லை. சில இடங்களில் 10 மீட்டர் மண் மேலே கிடந்தது. சரிவின் அடிவாரத்தில் இருப்பதை மலை தானே புதைத்துவிடுகிறது, உச்சி ஓரத்தில் இருப்பதைத் தானே இடிக்கிறது. மேற்கே பால்ட்ஸே, வடக்கே இது.

தென்கரை
அருமை. வடக்கே போனால் ஒரே நடையில் எவ்வளவு பார்க்கலாம்? பேழைகளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? 600க்கு மேல் இருக்கின்றன என்று படித்தேன், கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது.

ஆர்க்கோ வாசல்
வடக்கு நடை: ஃபியோரென்தினா வாயில் (அரங்கம் அங்கேயே), அங்கிருந்து கீழிறங்கினால் போர்த்தா தியானா. எட்ருஸ்கன் வாயில்தான், வளைவு போய்விட்டது, பக்கக்கற்கள் மட்டும் மிச்சம். இன்னும் கீழே மார்மினி கல்லறைகள். பஞ்சினாவில் குடைந்த வட்ட அறைகள், படி இறங்கிப் போக வேண்டும், சுவரைச் சுற்றித் திண்ணை. பேழைகள் அந்தத் திண்ணையில்தான் வரிசையாக இருந்தன. மழைக்குப் பிறகு படி வழுக்கும். திரும்பி வருவது முழுக்க ஏற்றம், அதை நேரக் கணக்கில் சேருங்கள்.

சுவடிப்பெட்டி
முதலில் கல்லறையைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகம் போங்கள். அப்போதுதான் பேழைகள் ஏன் முன்பக்கம் மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன என்பது விளங்கும். பின்பக்கம் சுவரோடு ஒட்டியது.

குவார்னாச்சி அருங்காட்சியகம் ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களில் ஒன்று. மாரியோ குவார்னாச்சி என்ற குருவானவர் தன் சேகரிப்பை 1761இல் ஊர்மக்கள் பேருக்கே எழுதிவைத்தார். 600 பேழையையும் பார்க்க வேண்டாம், சத்தியமாகச் சலித்துவிடும். இரண்டரை மணி நேரம் வையுங்கள். மூன்று பொருள்களைப் பிரித்துப் பாருங்கள்: பஞ்சினா (சொரசொரப்பு, மழுங்கிய முகம்), சுட்ட மண், அலபாஸ்டர். அலபாஸ்டர் ஒரு ஜிப்சம். நகத்தால் கீறலாம், ஆகவே நுணுக்கமாகச் செதுக்கலாம். ஆனால் நீரில் மெல்லக் கரையும். வெளியில் போட்டால் சில தலைமுறையில் மூக்கு போய்விடும். கல்லறை இருட்டில் இருந்ததால்தான் வண்ணமும் பொன்பூச்சும்கூட அங்கங்கே ஒட்டியிருக்கின்றன.

மூடியில் சாய்ந்திருக்கும் உருவத்துக்குத் தலை பெரிது, உடல் குட்டை. உள்ளே இருப்பது சாம்பல்தான், அதனால் முழு ஆள் நீளம் தேவையில்லை. அந்தக் குறுகிய பேழைக்குள் அடையாளம் காட்டவேண்டிய முகத்துக்கு இடம் கொடுத்துவிட்டு உடலைச் சுருக்கினார்கள். சுட்டமண்ணில் செய்த தம்பதி மூடியில் மட்டும் முகச்சுருக்கம்வரை தனி மனிதர்கள். அதன் முன் நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 18ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்கள் எந்தக் கல்லறையில் எது கிடைத்தது என்று எழுதி வைக்கவில்லை. மூடி ஒரு பேழையுடையது, பெட்டி இன்னொன்றுடையது என்று மாறிப்போனவை உண்டு. மூடியின் ஓரம் பெட்டியின் ஓரத்தோடு பொருந்துகிறதா, பொருள் ஒன்றுதானா என்று பாருங்கள். மூடியிலுள்ள பெயரை வைத்துக் கீழிருக்கும் சிற்பத்துக்குக் கதை கட்டாதீர்கள். கல்லறை முழுசாகக் கிடைத்ததைப் பார்க்க வேண்டுமானால் ஃபிளாரன்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத் தோட்டத்துக்குப் போக வேண்டும். 1861இல் உலிமேத்தோவில் கிடைத்த அத்தி குடும்பக் கல்லறையை, 50க்கும் மேற்பட்ட பேழைகளோடு அங்கே மறுபடி அமைத்திருக்கிறார்கள்.

கல்தச்சன்
ஊரின் புகழ்பெற்ற போலியைச் சொல்லாமல் விட்டீர்களே. 1634இல் குர்சியோ இன்கிராமி என்ற 19 வயதுப் பையன் ஊருக்கு வெளியே ஸ்கொர்னெல்லோவில் "எட்ருஸ்கன் ஏடுகள்" எடுத்தான். மண்ணும் மயிரும் கீலும் குழைத்த உருண்டைகள், உள்ளே எழுத்து. அந்த உருண்டைகளுக்குப் பெயர் ஸ்காரித். தடித்த நூலாகவே அச்சிட்டுவிட்டான். பிடிபட்டது எழுத்தினால் மட்டும் அல்ல, எழுதிய பொருளினாலும்தான். எட்ருஸ்கர் லினன் துணியில் எழுதியவர்கள். இவன் வைத்திருந்தது கந்தைத் துணிக்கூழில் செய்த காகிதம், எட்ருஸ்கர் காலத்தில் அது கிடையவே கிடையாது. வலமிருந்து இடம் எழுத வேண்டியதை இடமிருந்து வலம் எழுதியதும் சேர்ந்தது.

தென்கரை
வலமிருந்து இடம் என்றதும் கேட்கிறேன். மூடியில் இருப்பதை எழுத்து தெரியாதவர் எந்த அளவுக்குப் படிக்க முடியும்?

சுவடிப்பெட்டி
பெயரும் வயதும் படிக்கலாம், அதற்குமேல் அதிகம் இருக்காது. முதலில் ஆளின் பெயர், அடுத்து குடும்பப் பெயர், பிறகு தாயின் குடும்பப் பெயர், அதன் இறுதியில் பெரும்பாலும் "அல்" வரும். க்லன் என்றால் மகன், செக் என்றால் மகள், புயா என்றால் மனைவி. "ரில்" என்ற சொல்லைத் தேடுங்கள், வொல்டெர்ராவில் அடிக்கடி வரும். அதையடுத்து வயது. ஒற்றைக்கோடு 1, தலைகீழ் வி போன்றது 5, பெருக்கல் குறி 10, மேல்நோக்கிய அம்பு 50. "அவில்" ஆண்டு. "லுபு" இறந்தார்.

தென்கரை
அப்படியானால் வலப்பக்கத்திலிருந்து ரில், இரண்டு பெருக்கல் குறி, ஒரு தலைகீழ் வி, இரண்டு கோடு என்றால் 27 வயது. சரிதானே?

சுவடிப்பெட்டி
சரி. குறியாக இல்லாமல் சொல்லாக எழுதியிருந்தால் மட்டும் கவனம். 17, 18, 19 மூன்றையும் இருபதிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்று குறைத்துச் சொல்வார்கள். "ஸத்ரும்" இருபது. அதன் முன்னால் "கியெம்" வந்தால் கூட்டி 23 ஆக்கிவிடாதீர்கள், அது 17.

ஆர்க்கோ வாசல்
வழியையும் போட்டுவிடுகிறேன். ஊருக்கு ரயில் கிடையாது. சேச்சினாவிலிருந்து வரும் கிளைப்பாதை சலீனே என்ற அடிவார ஊரோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே ஏறிய பல்சக்கர ரயிலை 1958இல் மூடிவிட்டார்கள். இன்னும் 9 கிலோமீட்டர் பஸ். ஃபிளாரன்ஸிலிருந்து வந்தால் கோல்லே தி வால் தெல்சாவில் பஸ் மாற வேண்டும், பீசாவிலிருந்து பொந்தெதேரா வழி. ஞாயிறு சேவை மெலிந்துவிடும். ஆகவே அரைநாளை ஞாயிற்றில் வைக்காதீர்கள்.

முதல் நாள் காலை வடக்கு நடை, பகலில் குவார்னாச்சி. மாலை வெயிலில் மேற்கே சான்தா கியாரா, பால்ட்ஸே. மஞ்சள் மணல்மேல் சாய்வெளிச்சம் விழும்போது அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும். மறுநாள் காலை கோட்டைப்பக்கத்து அக்ரோபொலிஸ் (பழைய உச்சிநகர்) பூங்காவில் கோயில் அடித்தளங்களும் ரோமன் நீர்த்தொட்டியும், பிறகு ஆர்க்கோ வாயில் வழியாக வெளியே போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு பஸ். கோட்டைக்குள் போக முயலவேண்டாம், அது இன்றும் சிறை.

மண்ணடுக்கு
பால்ட்ஸே விளிம்பில் வேலி இருக்கிற இடத்தில் வேலிக்கு இந்தப்பக்கமே நில்லுங்கள். புல் முளைத்த விளிம்பு திடமாகத் தோன்றும், கீழே மணல் ஏற்கெனவே உள்வாங்கியிருக்கும்.